அம்மாவும் இரண்டு எலக்ட்ரானும்: "எல்லாம் ஒன்று" என்று இயற்பியல் சொல்கிறதா?

மாடக்குளத்தான் | ஞாயிறு இரவு 10.20

வணக்கம். நான் இங்கே வழக்கமாக மோட்டார், இன்வெர்ட்டர், காயில் கட்டுவது பற்றித்தான் எழுதுவேன். இன்று வேறு கேள்வி. கேலி செய்யாமல் பதில் சொல்லுங்கள்.

தை மாதம் அம்மா தவறிவிட்டார்கள். கடையில் என் கூடவே இருந்தவர்கள். அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. போன வாரம் நண்பர் ஒருவர் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த சொற்பொழிவுக்கு அழைத்துப் போனார். பேசியவர் கோட்டு போட்டவர், பின்னால் பெரிய திரை. இரண்டு மணி நேரம் பேசினார். சாரம் இதுதான்: சேர்ந்து பிறந்த இரண்டு எலக்ட்ரான்களைப் பிரித்து ஒன்றை மதுரையிலும் மற்றதை நிலாவிலும் வைத்தாலும், இதைத் தொட்டால் அதற்குத் தெரியும். ஆகவே பிரபஞ்சம் முழுக்க ஒரே உணர்வு. உபநிடதம் அன்றே சொன்னதைக் குவாண்டம் இயற்பியல் இன்று நிரூபித்துவிட்டது. கடைசியில் சபையைப் பார்த்து, "உங்களை விட்டுப் போனவர்கள் போகவில்லை, உங்களோடு பின்னிக் கிடக்கிறார்கள்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை.

வீட்டில் வந்து சொன்னேன். பிளஸ் டூ படிக்கும் மகள், "அப்பா, அது அப்படி இல்லப்பா" என்றாள். பிறகு எப்படி என்று கேட்டால் அவளுக்கும் சொல்ல வரவில்லை. எனக்கு ஒன்று தோன்றுகிறது. டிரான்ஸ்பார்மரில் பிரைமரியும் செகண்டரியும் தொட்டுக்கொள்வதில்லை. ஆனாலும் இங்கிட்டு மாற்றினால் அங்கிட்டு மாறுகிறது. அந்த மாதிரியா இது?

பருத்திப்பால் | ஞாயிறு இரவு 10.41

அண்ணே, அம்மாவுக்கு அஞ்சலி. ஒன்றே ஒன்று கேட்கிறேன். சொற்பொழிவு இலவசமா? வாசலில் என்ன விற்றார்கள்?

மாடக்குளத்தான் | ஞாயிறு இரவு 10.44

இலவசம்தான் தம்பி. வாசலில் புத்தகமும் செம்பு பாட்டிலும். நான் பாட்டில் வாங்கினேன்.

பழங்காநத்தம் வாத்தியார் | திங்கள் காலை 6.15

தம்பி, உங்கள் மகள் சொன்னது சரி. ஆனால் பேசியவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அதனால்தான் பிள்ளைக்கு விளக்க வரவில்லை.

என்டாங்கிள்மென்ட் என்பதைப் பின்னல் என்று எழுதுகிறேன். முதலில் டிரான்ஸ்பார்மரைக் கழற்றி வைப்போம். அங்கே இரண்டு சுற்றுக்கும் நடுவே காந்தப்புலம் இருக்கிறது. ஒரு பக்கத்து மாற்றம் அதன் வழியாகப் போய் மறுபக்கம் சேருகிறது. பின்னலில் இப்படிப் போய்ச் சேர்வது எதுவும் கிடையாது.

மீனாட்சி கோயில் வாசலில் செருப்பை விட்டுத் திரும்பி வருகிறீர்கள் என்று வையுங்கள். கூட்டத்தில் ஒற்றைச் செருப்பு உங்கள் பையிலும் மற்றது சென்னை போகிற மாமாவின் பையிலும் போய்விட்டது. வீட்டுக்கு வந்து பையைத் திறந்து, இடது கால் செருப்பு என்று பார்த்த உடனே, சென்னையில் இருப்பது வலது என்று தெரிந்துவிடும். இதில் மாயம் இல்லை. பையில் விழும்போதே முடிவானது. துகள்களின் கதையும் இப்படித்தான் இருக்கவேண்டும், குவாண்டம் கொள்கை அதைச் சொல்லாமல் விடுவதால் அது அரைகுறை என்பதுதான் 1935-ல் ஐன்ஸ்டைனும் பொடோல்ஸ்கியும் ரோசனும் எழுதிய கட்டுரையின் வாதம்.

1964-ல் ஜான் பெல் இதைச் சோதித்தே பார்க்கலாம் என்று காட்டினார். செருப்பிடம் இடதா வலதா என்ற ஒரு கேள்விதான் கேட்க முடியும். துகளிடம் பல கோணங்களில் கேட்கலாம். எந்தக் கோணத்தில் கேட்பது என்பதைக் கடைசி நேரத்தில் முடிவு செய்தால், முன்பே எழுதி வைத்த விடைகள் ஓர் அளவுக்கு மேல் ஒத்துப்போக முடியாது. அவர் வழியில் வந்த ஒரு கணக்கில் அந்த எல்லை 2. குவாண்டம் கொள்கைப்படி 2.83 வரை போகலாம். 1972-ல் கிளாசர், 1982-ல் பிரான்சில் அலன் ஆஸ்பே, பிறகு பலர் அளந்தார்கள். எல்லை தாண்டியது. 2015-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1.3 கிலோமீட்டர் இடைவெளி விட்டு, எஞ்சிய முக்கியமான ஓட்டைகளையும் அடைத்துச் செய்தார்கள். அப்போதும் தாண்டியது. 2022-ல் ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் நோபல். ஆகவே செருப்புக் கதை தோற்றுவிட்டது. இதுவரை உங்கள் பேச்சாளர் பக்கம்தான் நிற்கிறேன்.

"இதைத் தொட்டால் அதற்குத் தெரியும்" என்பதில்தான் அவர் சறுக்குகிறார். நிலாவில் இருப்பவர் தன் துகளை எவ்வளவு அளந்தாலும் அவருக்குக் கிடைப்பது காசு சுண்டிப் போட்ட மாதிரி தலை, பூ, பூ, தலை என்ற வரிசை. மதுரையில் நீங்கள் தொட்டீர்களா இல்லையா என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது. இரண்டு பேரும் நோட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் ஒற்றுமை தெரியும். அதற்குப் போன் செய்யவேண்டும், இல்லையென்றால் பஸ் ஏறவேண்டும். பின்னல் வழியாக ஒரு "சாப்பிட்டாயா" கூட அனுப்ப முடியாது.

அப்புறம், ஆய்வுக்கூடத்தில் இந்தப் பின்னலைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. காற்று, வெப்பம், சிதறும் ஒளி எது பட்டாலும் அறுந்துவிடும். உடம்பு போன்ற சூடான, ஈரமான இடத்தில் அது ஆயுசு முழுக்க நிற்கும், அதற்கப்புறமும் நிற்கும் என்பதற்கு இயற்பியலில் இடம் இல்லை. வருத்தமாகத்தான் இருக்கும் தம்பி. ஆனாலும் கேட்டீர்கள், சொன்னேன்.

பிஎச்டி பாவம் | திங்கள் பகல் 1.05

வாத்தியாரய்யா, எல்லாம் சரி. ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன்.

"எது பட்டாலும் அறுந்துவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அறுவதில்லை, பரவுகிறது. துகளின் மேல் ஒரு காற்று மூலக்கூறு மோதினால் துகளும் மூலக்கூறும் பின்னிக்கொள்கின்றன. அது இன்னொன்றில் மோதும். இப்படிப் போய்ப்போய் பின்னல் சுற்றுப்புறம் முழுக்கக் கரைந்துவிடுகிறது. 1970-லேயே ஜெர்மனியின் இயற்பியலாளர் டீட்டர் சே இதை எடுத்துச் சொன்னார். நமக்கு அறுந்த மாதிரி தெரிவதற்குக் காரணம், கரைந்ததைத் திரும்பப் பொறுக்கி எடுக்க முடியாதது. அப்படியானால் எல்லாமே எல்லாவற்றோடும் கொஞ்சம் பின்னித்தான் கிடக்கிறது. பேச்சாளர் இதைச் சொல்லியிருந்தால் எனக்கு மறுக்கக் கஷ்டமாக இருந்திருக்கும்.

அதற்கு எதிராக ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். இரண்டு துகள்கள் முழுமையாகப் பின்னியிருந்தால் மூன்றாவதற்கு அங்கே இடமே இல்லை. இது நிரூபிக்கப்பட்ட விதி. எல்லாரோடும் பின்ன வேண்டுமென்றால் ஒவ்வொருவரோடும் உள்ள பின்னல் மெலிந்தாக வேண்டும்.

பருத்திப்பால் | திங்கள் பகல் 1.09

துகளுக்கு ஏகபத்தினி விரதம். பெரிய குடும்பஸ்தன் ஆனால் பாசம் பங்காகிவிடும். புரிந்தது.

பழங்காநத்தம் வாத்தியார் | திங்கள் மாலை 5.30

பிஎச்டி தம்பி சொன்னது சரி, நான் வகுப்பறைப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன்.

இதையே நீட்டினால், மொத்தப் பிரபஞ்சத்துக்கும் ஒரே ஒரு அலைச்சார்பு (துகள்களின் நிலையைச் சொல்லும் கணக்கு) என்ற இடத்துக்கு வரலாம். 1957-ல் எவரெட் என்ற இயற்பியலாளர் அங்கேதான் வந்தார். ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை தெரியுமா? அளக்கும்போதெல்லாம் உலகம் கிளை பிரிகிறது. ஒருமையைத் தேடிப் போய் எண்ண முடியாத பன்மையில் முடிகிறது. இது பிடிக்காதவர்களுக்கு டேவிட் போம் 1952-ல் கொடுத்த வழி உண்டு, நீல்ஸ் போர் வகுத்த கோபன்ஹேகன் வழி உண்டு. எல்லாருடைய கணக்கும் ஒரே விடையைத் தருகிறது. அதற்கு என்ன அர்த்தம் என்பதில்தான் நூறு வருடமாக அடிதடி. "இயற்பியல் சொல்கிறது" என்று யாராவது ஆரம்பித்தால், யாருடைய இயற்பியல் என்று கேளுங்கள்.

இன்னொன்று. ஒரே அலைச்சார்பு என்பது ஒரே மனம் ஆகிவிடாது. வைகை அணையிலிருந்து வரும் தண்ணீர் ஒரே தண்ணீர்தான். அதற்காக அதற்குத் தாகம் எடுக்கும் என்று சொல்வோமா?

குவாண்டம் குமரன் | திங்கள் இரவு 8.12

வாத்தியார் வேண்டுமென்றே சுருக்கிப் பேசுகிறார். அலைச் சமன்பாட்டைக் கண்டுபிடித்த ஷ்ரோடிங்கரே வேதாந்தி. உயிர் என்றால் என்ன என்று அவர் 1944-ல் எழுதிய நூலின் கடைசிப் பகுதியில் ஆத்மாவும் பிரம்மமும் ஒன்று என்ற உபநிடத வாக்கைத்தான் எடுத்துப் பேசுகிறார். உணர்வுக்கு ஒருமை மட்டுமே உண்டு, பன்மை கிடையாது என்கிறார். நீல்ஸ் போர் 1947-ல் டென்மார்க்கின் உயரிய விருதைப் பெற்றபோது தன் சின்னத்தில் சீனத்து யின்-யாங் வட்டத்தை வைத்தார். ஹைசன்பர்க் 1929-ல் இந்தியா வந்து தாகூரோடு பேசினார். நோபல் வாங்கிய விக்னர் 1961-ல், பார்ப்பவரின் உணர்வு இல்லாமல் குவாண்டம் விதிகளை முழுமையாகச் சொல்ல முடியாது என்று எழுதினார். ஜெனீவாவில் செர்ன் ஆய்வுக்கூட வளாகத்தில் 2004 முதல் நடராஜர் நிற்கிறார். இத்தனையும் தற்செயலா?

பிஎச்டி பாவம் | திங்கள் இரவு 9.40

குமரன் அண்ணே, நீங்கள் சொன்ன தகவல்கள் சரி. ஷ்ரோடிங்கர் இன்னும் ஒரு படி மேலே. 1925-லேயே வேதாந்தம் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிவிட்டார், சமன்பாடு வெளிவந்தது 1926-ல். ஆள் நடிக்கவில்லை.

ஆனால் 1933-ல் நோபலை அவரோடு பகிர்ந்துகொண்ட டிராக் பச்சை நாத்திகர். இருவரும் எழுதியது ஒரே குவாண்டம் இயக்கவியல். 1979-ல் பரிசு வாங்கியவர்களில் அப்துஸ் சலாம் தொழுகை தவறாத முஸ்லிம், வைன்பர்க் கடவுளை ஒப்புக்கொள்ளாதவர். மின்காந்த விசையும், அணுக்கருச் சிதைவில் வேலை செய்யும் மென்விசையும் அடியில் ஒன்றே என்ற அதே கொள்கைக்கு இருவரும் தனித்தனியாக வந்து சேர்ந்தார்கள். நம்பிக்கை அவர்களை உந்தியிருக்கலாம். சமன்பாட்டுக்குள் அது இறங்கவில்லை.

விக்னர் பின்னாளில் அந்தக் கருத்தைக் கைவிட்டார். "பார்ப்பவர்" என்ற சொல்தான் வினை. எலக்ட்ரானை இரண்டு துளை வழியாக விட்டுப் பார்க்கும் இரட்டைத் துளைச் சோதனையில் பார்க்கிற வேலையை ஒரு கருவி செய்தால் போதும். அறையைப் பூட்டிவிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போனாலும் பதிவு அதேதான். செர்ன் நடராஜர் இந்திய அரசு கொடுத்த பரிசு. எனக்கும் பெருமைதான். ஆனால் அது ஆய்வு முடிவு இல்லை.

ஒருமை வேண்டுமென்றால் இயற்பியலுக்குள்ளேயே வேறு இடத்தில் இருக்கிறது, அதை ஏன் யாரும் மேடையில் சொல்வதில்லை என்று தெரியவில்லை. எல்லா எலக்ட்ரானும் அச்சு அசலாக ஒன்று போலவே இருக்கின்றன. உங்கள் மூக்கில் உள்ளதையும் சூரியனில் உள்ளதையும் மாற்றி வைத்தால் யாருக்கும், எதற்கும் தெரியாது. 1940-ல் ஒருநாள் ஜான் வீலர் தன் மாணவர் ஃபைன்மனுக்குப் போன் செய்து, எல்லா எலக்ட்ரானும் ஒன்று போல ஏன் இருக்கின்றன என்று கண்டுபிடித்துவிட்டேன், இருப்பதே ஒரே எலக்ட்ரான்தான், அது காலத்தில் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றாராம். ஃபைன்மன் தன் நோபல் உரையிலேயே இதைச் சொல்லியிருக்கிறார். கணக்கு ஒத்துவரவில்லை, அது வேறு விஷயம். அந்தப் போனை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

பருத்திப்பால் | திங்கள் இரவு 9.52

செர்ன் நடராஜர் தூக்கியிருப்பது இடது கால். நம் மீனாட்சி கோயில் வெள்ளியம்பலத்தில் ராஜசேகர பாண்டியன் கேட்டுக்கொண்டதற்காகக் கால் மாறி ஆடியவர் தூக்கியிருப்பது வலது கால். சுவிட்சர்லாந்தில் இருப்பது நம்மாளின் கண்ணாடி பிம்பம். மதுரைக்காரன் ஒத்துக்கொள்ள முடியாது.

பிஎச்டி பாவம் | திங்கள் இரவு 9.58

தெரியாமல் பெரிய விஷயத்தைத் தொட்டுவிட்டாய் தம்பி. இயற்கைக்கு இடம் வலம் பேதம் கிடையாது என்றுதான் ரொம்ப நாள் நம்பினார்கள். 1957-ல் சியன்-ஷியுங் வூ அம்மையாரின் கோபால்ட் சோதனை வெளிவந்து, மென்விசைக்கு அந்தப் பேதம் உண்டு என்று காட்டியது. கால் மாறினால் கணக்கு மாறும்.

சிம்மக்கல் பாட்டி | செவ்வாய் காலை 7.02

எனக்கு எழுபத்தெட்டு வயது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி தட்டுகிறாள்.

மாடக்குளத்துத் தம்பி, சொற்பொழிவுக்கு அவ்வளவு தூரம் போனாயே, தெற்குக் கோபுரத்துக்குப் பக்கத்தில் சொக்கப்ப நாயக்கன் தெருவுக்குப் போயிருக்கிறாயா? 1896 ஜூலையில் அந்த வீட்டு மாடியில் பதினாறு வயதுப் பையன் வேங்கடராமனுக்குத் திடீரென்று சாவு பயம் வந்தது. நோய் நொடி ஒன்றும் இல்லை. டாக்டரைக் கூப்பிடவில்லை, சித்தப்பாவையும் கூப்பிடவில்லை. பிணம் மாதிரி நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கி, இந்த உடம்பு செத்தால் செத்தது யார் என்று பார்த்தான். அவ்வளவுதான். ஆறு வாரம் கழித்து, அண்ணன் காலேஜுக்குக் கட்டவேண்டிய ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டை வைத்துவிட்டு, ரயிலேறித் திருவண்ணாமலை போனான். ரமண மகரிஷி ஆனான்.

அவன் எழுதி வைத்துவிட்டுப் போன சீட்டைப் பற்றிக் கேள். "நான்" என்று ஆரம்பிக்கிறது. அடுத்த வரியில் தன்னையே "இது" என்று எழுதுகிறான். கீழே கையெழுத்து போடுகிற இடத்தில் பேர் இல்லை, வெறும் கோடு. இத்துனூண்டு சீட்டுக்குள் ஆள் கரைந்துவிட்டான். இதற்கு எந்த எலக்ட்ரான் சாட்சி சொல்ல வேண்டும்?

(பேத்தி: எலக்ட்ரானை ஜே.ஜே. தாம்சன் கண்டுபிடித்ததே 1897-ல். பாட்டிக்குச் சொன்னேன், ரொம்ப சந்தோஷம்.)

தியேட்டர் சிஸ்டர் | செவ்வாய் இரவு 11.15

டூட்டி முடிந்து வந்து முழுக்கப் படித்தேன். பாட்டிக்கு வணக்கம். எனக்கு இருபத்திரண்டு வருடமாக ஆபரேஷன் தியேட்டர்தான் உலகம், அதனால் என் சந்தேகமும் அங்கிருந்துதான் வரும்.

மயக்க டாக்டர் புரொபோஃபால் போடுவார். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், சராசரி எடை உள்ளவருக்குப் பத்துப் பன்னிரண்டு மில்லி போதும். நூறிலிருந்து கீழே எண்ணச் சொல்வோம். தொண்ணூறைத் தொட்டவர்களை நான் பார்த்ததே அரிது. மூன்று மணி நேரம் கழித்துக் கண் விழித்ததும் பலர் கேட்பது, "எப்ப சிஸ்டர் ஆரம்பிப்பீங்க?" தூக்கத்தில் கூட நேரம் போனது தெரியும். இதில் நடுவே கத்தரித்து ஒட்டிய மாதிரி. அந்த நேரத்தில் மூளை சும்மாவும் இல்லை, மின் அலைகள் ஓடுகின்றன. மூளையின் ஒரு பகுதி மற்றதோடு பேசுவதுதான் குலைந்துபோகிறது என்று டாக்டர்கள் சொல்வார்கள்.

எல்லாருக்குள்ளும் இருப்பது ஒரே அகண்ட உணர்வு என்றால், அந்தப் பன்னிரண்டு மில்லி எதை அணைக்கிறது? குறும்பாகக் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவை சிரிஞ்சை எடுத்துக் கொடுக்கும்போதும் எனக்குள் வரும் கேள்வி.

சிம்மக்கல் பாட்டி | புதன் காலை 6.50

பல்பு ஃபியூஸ் ஆனால் கரண்ட் செத்துவிட்டதா அம்மா? மருந்து மனசை அணைக்கிறது. மனசை அறிகிறது ஒன்று உண்டே, அதை அணைக்கவில்லை. ஆழ்ந்த தூக்கத்தில் "நான்" என்ற நினைப்பு இல்லை, ஆனாலும் எழுந்து "சுகமாகத் தூங்கினேன்" என்கிறோமே, எப்படி?

மாடக்குளத்தான் | புதன் காலை 9.30

அம்மா, குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கணும். பல்பு என் தொழில். பல்பு போனாலும் கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்ப்பேன். நீங்கள் சொல்வதற்கு டெஸ்டர் எது?

சிம்மக்கல் பாட்டி | புதன் காலை 9.48

டெஸ்டரைக் கையில் பிடித்திருப்பவன் யார் என்று பார் என்பதுதான் ரமணர் சொன்னது.

பழங்காநத்தம் வாத்தியார் | புதன் காலை 10.20

இந்தப் பதிலை நான் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வாதம் இருக்கிறது. ஆனால் எழுதப் போவதில்லை.

தியேட்டர் சிஸ்டர் | புதன் பிற்பகல் 3.05

எனக்கும் அப்படியே. ஒன்று மட்டும் சொல்கிறேன். பாட்டி சொல்வதை எந்த மானிட்டரிலும் காட்ட முடியாது, பாட்டியும் காட்டுகிறேன் என்று சொல்லவில்லை. கோட்டு போட்டவர் மானிட்டரில் காட்டிவிட்டதாகச் சொல்கிறார். எனக்குக் கோபம் அவர்மேல்தான்.

ஓதுவார் பேரன் | புதன் இரவு 8.40

நாலு நாளாகப் படிக்கிறேன். உபநிடதம், யின்-யாங், தாகூர், நடராஜர் என்று குமரன் அண்ணன் ஒரே வரிசையில் அடுக்கும்போது, கிழக்கத்திய மதம் எல்லாம் ஒரே ஆள் மாதிரி இருக்கிறது. நான் சைவ சித்தாந்த வகுப்பில் ஐந்து வருடம் உட்கார்ந்தவன். எங்களுக்கு இறை, உயிர், தளை மூன்றும் அனாதி. உயிர் ஒருநாளும் இறைவனாக ஆகிவிடாது. 13-ம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டே சூத்திரத்தில் இதைக் கட்டினார். அத்துவிதம் என்ற சொல்லை நாங்களும் விடவில்லை. ஆனால் அதற்கு "ஒன்று" என்று பொருள் சொல்வதில்லை, "இரண்டாகப் பிரிந்து நிற்காதது" என்று சொல்கிறோம். ஒன்றாய், வேறாய், உடனாய்.

இதற்கு எங்கள் ஆசாரியர் உமாபதி சிவம் காட்டுகிற உவமை தமிழ் இலக்கணத்திலிருந்து வருகிறது. தாள், தலை என்று இரண்டு சொல். சேர்ந்தால் தாடலை. உயிரின் தலை இறைவன் தாளில் படுகிறது. இப்போது அந்த நடு எழுத்தைப் பாருங்கள். தாளில் இருந்தது ள், தலையில் இருந்தது த. சேர்ந்த பிறகு நிற்பது ட. அந்த ட இருவரில் யாருடையதும் இல்லை. பிரித்தால் காணாமல் போய்விடும். அப்படியென்றால் இது ஒரே சொல்லா? இல்லை, இரண்டு சொல். இரண்டா? இரண்டாக எழுத முடியவில்லையே. "கூடலை நீ ஏகமெனக் கொள்" என்று அந்தக் குறளை முடிக்கிறார். நம் ஊர்ப் பெயரும் கூடல்தான் என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

பிஎச்டி பாவம் | புதன் இரவு 9.15

அண்ணே, எனக்கு இப்போது தூக்கம் போய்விட்டது. பின்னிய இரண்டு துகளின் நிலையை எழுதும்போது நடப்பது கிட்டத்தட்ட இதுதான். இது இதனுடையது, அது அதனுடையது என்று இரண்டு காரணியாகப் பிரிக்க முடியாது. பிரிக்க முடியாத அந்தப் பகுதி எந்தத் துகளிலும் இல்லை, சேர்க்கையில்தான் இருக்கிறது. வகுப்பில் யாராவது தாடலை என்று சொல்லிக் கொடுத்திருந்தால் ஒரு செமஸ்டர் மிச்சமாகியிருக்கும்.

ஓதுவார் பேரன் | புதன் இரவு 9.22

உவமையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. நாளைக்கு இன்னொருவர் திரையில் "உமாபதி சிவம் கண்ட குவாண்டம்" என்று போட்டால் பாவம் என் தலையில் விடியும்.

மலைசுற்றி | வியாழன் காலை 5.45

பேரன் ஆரம்பித்ததை நான் கொஞ்சம் நீட்டுகிறேன். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மலை ஏறுகிறவன், தத்துவம் படித்தவன் இல்லை.

கீழக்குயில்குடி சமணமலையில் செட்டிப்புடவு என்று ஒரு குகை. உள்ளே மகாவீரர் அமர்ந்திருக்கிறார். மேலே பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அடியில் வட்டெழுத்து. ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையவை. அங்கே தவம் இருந்தவர்களிடம் போய் "எல்லாம் ஒன்று" என்று சொன்னால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். சமணத்தில் உயிர்கள் எண்ணிறந்தவை, ஒவ்வொன்றும் தனி. வினை நீங்கி விடுதலை அடைந்த பிறகும் தனித்தனியாகவே உலகத்தின் உச்சியில் இருக்கும். கடலில் கரைகிற துளி என்ற பேச்சே அங்கே கிடையாது. பௌத்தர்களைக் கேட்டால் கரைவதற்கு ஆத்மாவே இல்லை என்பார்கள்.

வடக்கே அழகர்கோயில் போங்கள், அது ராமானுஜர் வழி. உயிர்களும் உலகமும் இறைவனுக்கு உடல். ஒன்றுதான், ஆனால் உள்ளே பேதம் உண்டு. சொக்கப்ப நாயக்கன் தெருவில் பாட்டி சொன்ன ஒருமை. சொக்கநாதர் சந்நிதியில் பேரன் சொன்ன மூன்று. இத்தனையும் ஊரைச் சுற்றி ஒரு இருபத்தைந்து கிலோமீட்டருக்குள். டவுன் பஸ்ஸிலேயே பார்த்துவிடலாம்.

இவர்கள் கைகுலுக்கிக்கொண்டும் இருக்கவில்லை. திருவேடகம் வைகைக் கரையில் சம்பந்தருக்கும் சமணர்களுக்கும் புனல்வாதம் (ஏட்டை ஆற்றில் விடும் போட்டி) நடந்ததையும் சம்பந்தரின் ஏடு எதிரேறியதையும் பெரியபுராணம் சொல்கிறது. தோற்றவர்களுக்கு என்ன ஆனது என்று அதில் வருவதும் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு யாரும் யாரிடமும் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லவில்லை. இப்போது இவர்கள் எல்லாரையும் ஒரே கோட்டுக்குள் திணித்து, இயற்பியலோடு கைகோக்க வைக்கும்போது, அந்த மலையில் கல் படுக்கையில் படுத்தவனின் வாதம் காணாமல் போகிறது. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

குவாண்டம் குமரன் | வியாழன் காலை 8.30

எல்லாரும் சேர்ந்து அடிக்கிறீர்கள், சரி. பேதங்கள் எனக்கும் தெரியும். அனுபவத்தில் எல்லாம் ஓரிடத்தில் போய்ச் சேரும் என்று நம்புகிறேன். ஆனால் "நிரூபித்துவிட்டது" என்ற சொல்லை இனி நான் எழுத மாட்டேன். மூளைக்குள் நுண்குழல்களில் குவாண்டம் விளைவுகள் நடக்கின்றன என்று இயற்பியலாளர் பென்ரோஸும் மயக்க மருத்துவர் ஹேமராஃபும் சொல்வதையாவது விட்டு வைப்பீர்களா?

பிஎச்டி பாவம் | வியாழன் காலை 9.10

விட்டு வைக்கிறேன் அண்ணே, அது சோதிக்கக்கூடிய கருத்து, அதனால் மரியாதை உண்டு. 2000-ல் இயற்பியலாளர் டெக்மார்க் போட்ட கணக்குப்படி அந்த நிலை பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு வினாடி அளவுக்குத்தான் நிற்கும். அவர்கள் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. சண்டை நடக்கிறது. சண்டை நடப்பதே நல்ல அறிகுறி. கோபப்படாமல் பேசியதற்கு நன்றி. ஒருநாள் வாருங்கள், நம் மதுரையிலேயே நியூட்ரினோ ஆய்வுக்காகக் கட்டிய 85 டன் இரும்புக் கருவி ஒன்று இருக்கிறது. மின்னலைப் போல விண்ணிலிருந்து விழும் மியூவான் என்ற நுண்துகள்களின் தடம் திரையில் ஓடும். அனுமதி கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கிறேன்.

மாடக்குளத்தான் | வியாழன் இரவு 10.05

எல்லாருக்கும் நன்றி. பாதி புரிந்தது, மீதியை மகள் புரிய வைத்தாள். செருப்பு உவமை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, பள்ளிக்கூடத்தில் சொல்லப் போகிறாளாம்.

சொற்பொழிவில் எனக்குக் கண் கலங்கியதைத் திரும்பத் திரும்ப யோசித்தேன். பாட்டியம்மா சொன்ன வீட்டுக்கு இன்று காலையில் கடை திறப்பதற்கு முன் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அரை மணி நேரம். என்ன நடந்தது என்று கேட்காதீர்கள், ஒன்றும் நடக்கவில்லை, கொசு கடித்தது. ஆனாலும் எழுந்து வர மனசு வரவில்லை.

கடைக்கு வந்து ஒரு ஒரு ஹெச்பி மோட்டாருக்குக் காயில் சுற்றினேன். அம்மா இருந்தவரை சுற்று எண்ணுவது அவர்கள் வேலை. நெல் அளக்கிற வீட்டில் பிறந்தவர்கள், அதனால் "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். இன்று சுற்றிக்கொண்டே இருந்தவன் பாதியில் நின்றுவிட்டேன். என் வாயும் லாபம் என்றுதான் ஆரம்பித்திருக்கிறது. இத்தனை வருடமாக அப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் போல, கவனித்ததே இல்லை. பேரன் தம்பி சொன்ன அந்த ட எழுத்து ஞாபகம் வந்தது.

செம்பு பாட்டிலில் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது.

பழங்காநத்தம் வாத்தியார் | வியாழன் இரவு 10.30

தம்பி, வீட்டுப் போர் மோட்டார் இரண்டு நாளாக உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு எட்டு வர முடியுமா? மகளையும் கூட்டி வாருங்கள்.

மாடக்குளத்தான் | வியாழன் இரவு 10.34

உறுமினால் பெரும்பாலும் கெபாசிட்டராகத்தான் இருக்கும் சார். வரும் வரைக்கும் சுவிட்சைப் போடாதீர்கள், காயில் வெந்துவிடும்.